14 முட்டை எடுத்தார்கள், 3 கருதான் மிஞ்சியது. மற்றவை எங்கே போயின?

காவிரிக்கரை:
எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு 34 வயது. என் கணவருக்கு விந்தணு எண்ணிக்கையும் குறைவு, அசைவும் குறைவு. அதனால் இக்ஸி, அதாவது ஒரு விந்தணுவை ஊசியால் முட்டைக்குள் வைக்கும் முறை, செய்யலாம் என்று டாக்டர் சொன்னார். ஊசிகள் எல்லாம் போட்டு, போன வாரம் எக் பிக்கப் (முட்டை எடுப்பது) முடிந்தது. நேற்று ஒரு துண்டுத்தாளில் கையால் எழுதிக் கொடுத்தார்கள். எடுத்தது 14. முதிர்ந்தது 11. கருவானது 8. ஐந்தாம் நாள் உறைய வைத்தது 3. ஓரத்தில் சின்னதாக "3 பி.என். – 1, நீக்கம்" என்று எழுதியிருக்கிறது. "ரிசல்ட் ஓகேம்மா, அடுத்த மாதம் வாங்க" என்றார்கள். அவ்வளவுதான் விளக்கம்.

வீட்டுக்கு வந்ததும் அத்தை கேட்ட முதல் கேள்வி, "மீதி பதினொன்னு எங்கே போச்சு? உன் முட்டையில ஏதும் கோளாறா?" என்னிடம் பதில் இல்லை. ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. தவறு என் உடம்பிலா, ஆய்வகத்திலா? விஷயம் தெரிந்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

தென்காசித் தம்பி:
அக்கா, மனசைத் தளர விடாதீங்க. எங்களுக்கு ஒன்றுகூட ஐந்தாம் நாள் வரை வராத சுற்று இருந்தது. மூன்று என்பது குறைவே இல்லை. காரணத்தை இங்கே இருக்கும் லேப் ஆட்கள் சொல்வார்கள்.

கோவை கருவியல்:
நான் கருத்தரிப்பு ஆய்வகத்தில் வேலை செய்கிறேன். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன் தோழி: உங்கள் தாளில் இருப்பது தோல்விக் கணக்கு இல்லை. இந்த வேலையில் தினமும் பார்க்கும் கணக்கு. படிப்படியாகச் சொல்கிறேன், அத்தைக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

14இல் 11 முதிர்ந்தது. ஊசி போட்டு வளர்க்கும்போது முட்டை இருக்கும் ஃபாலிக்கிள் என்ற நீர்ப்பைகள் எல்லாம் ஒரே வேகத்தில் வளராது. முட்டை எடுப்பதற்கு 34 முதல் 36 மணி நேரத்துக்கு முன் முட்டையை முதிரவைக்கும் டிரிக்கர் ஊசி போட்டிருப்பார்கள். அந்த நேரத்துக்குள் முட்டை தன் குரோமோசோம்களில் பாதியை ஒரு சின்ன உருண்டையில் வைத்து வெளியே தள்ள வேண்டும். அதைப் போலார் பாடி என்போம். நுண்ணோக்கியில் அந்த உருண்டை தெரிந்தால்தான் முட்டை முதிர்ந்தது என்று எழுதுவோம். வழக்கமாக நான்கில் மூன்று பங்கு முதிர்ந்திருக்கும். உங்களுக்கும் அப்படித்தான்.

11இல் 8 கருவானது. முதிர்ந்த முட்டைகளுக்கு இக்ஸி செய்தால் ஏறத்தாழ 70 விழுக்காடு சரியாகக் கருவாகும். நீங்கள் அதற்கு ஒரு படி மேலேதான் இருக்கிறீர்கள்.

8இல் 3 ஐந்தாம் நாளை எட்டியது. இங்கேதான் எல்லோருக்கும் நெஞ்சு கனக்கும். கருவான முட்டைகளில் ஏறத்தாழ பாதிதான் பிளாஸ்டோசிஸ்ட் என்ற ஐந்தாம் நாள் கரு நிலைக்கு வரும். முதல் இரண்டு மூன்று நாள் கரு தன் சொந்த மரபணுவில் ஓடுவதில்லை. முட்டைக்குள் தாய் சேமித்து வைத்திருந்த சரக்கில் ஓடுகிறது. நான்கு செல்லிலிருந்து எட்டு செல் ஆகும் கட்டத்தில்தான் கருவின் மரபணுக்கள் விழித்துக்கொண்டு பொறுப்பேற்கின்றன. குரோமோசோம் எண்ணிக்கை தப்பிய கருக்களில் பல அந்தக் கட்டத்திலோ அதற்குப் பிறகோ நின்றுவிடும். விந்தணுவின் டி.என்.ஏ.வில் சேதம் இருந்தாலும் பெரும்பாலும் மூன்றாம் நாளுக்குப் பிறகுதான் அது வெளியே தெரியும்.

ஆக, "உன் முட்டையில கோளாறா" என்ற கேள்வியே பொருந்தாது. இயற்கையாகக் கருத்தரிக்கும் பெண்களுக்கும் இதே உதிர்வு நடக்கிறது. மாதவிடாய் தள்ளிப்போகும் முன்பே நடப்பதால் யாருக்கும் தெரிவதில்லை. உங்களுக்கு நாங்கள் எண்ணிக் காட்டிவிட்டோம், அதுதான் வேறுபாடு.

உயிரியல் வாத்தியார்:
அருமையான விளக்கம். நான் மேல்நிலை வகுப்புக்கு இதைப் பல வருடமாக நடத்துகிறேன். கருவுறுதலை ஒரு பந்தயமாகப் பாடம் எடுப்பது எனக்கு ஒருபோதும் பிடித்ததில்லை. கோடிக்கணக்கான விந்தணுக்கள் ஓட, வலிமையானது ஜெயிக்கிறது என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். கருக்குழாயின் அகன்ற பகுதிக்குச் சில நூறு விந்தணுக்கள்தான் போய்ச் சேருகின்றன. அதுவும் வெறும் நீச்சல் வேகத்தால் இல்லை. கருப்பைச் சுவரின் அசைவும், குழாயின் திரவ ஓட்டமும், கருப்பை வாய்ச் சளியும் வழிவிட்டால்தான் நடக்கும்.

இன்னொன்று. வெளியே வந்த உடனே விந்தணுவால் முட்டையைத் துளைக்க முடியாது. பெண்ணின் உடலுக்குள் சில மணி நேரம் இருந்து அதன் மேல்சவ்வு மாற வேண்டும். திறனேற்றம் என்று பாடநூலில் வருமே, அதுதான். எம்.சி. சாங் அமெரிக்காவிலும் காலின் ஆஸ்டின் ஆஸ்திரேலியாவிலும் 1951இல் தனித்தனியாக இதைக் கண்டுபிடித்தார்கள். அது தெரியாமல் இருந்தவரை, உடலுக்கு வெளியே கருத்தரிக்க வைக்கும் முயற்சிகளை நம்ப முடியவில்லை. சாங் 1959இல் முயலில் செய்து காட்டினார். மனித முட்டை கண்ணாடித் தட்டில் கருவுற்றதை இங்கிலாந்தின் எட்வர்ட்ஸ், பேவிஸ்டர், ஸ்டெப்டோ மூவரும் 1969இல் வெளியிட்டார்கள். பேவிஸ்டர் வெள்ளெலி விந்தணுக்களுக்காகத் தயாரித்த வளர்ப்புத் திரவம்தான் அதற்குக் கைகொடுத்தது.

விந்தணு முட்டையைத் தொட்டபின் நடப்பதும் ஒரு நொடி வேலை இல்லை. முதலில் முட்டையைச் சுற்றியிருக்கும் குமுலஸ் செல்களைக் கடக்க வேண்டும். அப்புறம் சோனா பெலுசிடா என்ற கெட்டி உறை. அதையும் தாண்டினால் சவ்வும் சவ்வும் ஒட்ட வேண்டும். விந்தணுவின் மேல் இருக்கும் இசூமோ என்ற புரதத்தை 2005இல் ஜப்பானியர்கள் கண்டுபிடித்தார்கள், திருமணத்துக்குப் பெயர்போன ஒரு கோயிலின் பெயர் அது. முட்டையின் பக்கத்தில் அதைப் பிடித்துக்கொள்ளும் ஜூனோ என்ற புரதம் 2014இல்தான் தெரியவந்தது. இவ்வளவு அடிப்படையான விஷயம் நம் காலத்தில்தான் தெரிந்தது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் சிலிர்க்கிறது.

காவிரிக்கரை:
இரண்டு பேருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. அத்தைக்கு வாசித்துக் காட்டினேன். முழுசாகக் கேட்டார். "விதைச்சதெல்லாம் முளைக்குதா என்ன" என்று அவரே சொன்னார். அதற்கு மேல் என்னை ஒன்றும் கேட்கவில்லை.

அந்த "3 பி.என்." என்ன? ஒன்றை ஏன் நீக்கினார்கள்? கருவானதைத் தூக்கிப் போட்டுவிட்டார்களே என்பதுதான் உறுத்துகிறது.

கோவை கருவியல்:
நியாயமான கேள்வி. இதைக் கொஞ்சம் கிட்டத்தில் காட்டுகிறேன்.

இக்ஸி அன்று முட்டையைச் சுற்றியுள்ள செல்களை நீக்கிவிட்டு, ஒரு மெல்லிய கண்ணாடிக் குழாயால் அதை இழுத்துப் பிடித்துக்கொள்வோம். மனித முட்டை ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்குச் சற்று அதிகம். போலார் பாடி கடிகாரத்தின் 12 அல்லது 6 இருக்கும் இடத்துக்கு வரும்படி முட்டையைத் திருப்புவோம். ஊசி 3 மணி திசையிலிருந்து உள்ளே போகும். காரணம், குரோமோசோம்களைத் தாங்கும் கதிர்இழைகள் பெரும்பாலும் போலார் பாடிக்குப் பக்கத்தில்தான் இருக்கும், ஊசி அதைக் குத்திவிடக் கூடாது. விந்தணுவை ஒரு பிசுபிசுப்பான திரவத்தில் விட்டு வேகத்தைக் குறைத்து, அதன் வாலை ஊசிமுனையால் தட்டின் அடியில் அழுத்தித் தேய்ப்போம். வால் மடங்கும், அசைவு நிற்கும். சும்மா பிடிப்பதற்காக மட்டும் இதைச் செய்வதில்லை. வாலின் சவ்வு உடைந்தால்தான் விந்தணுவுக்குள் இருக்கும் பி.எல்.சி. சீட்டா என்ற புரதம் முட்டைக்குள் சரியாகக் கசியும். அது கசிந்ததும் முட்டைக்குள் கால்சியம் அலை அலையாக எழும். முட்டை விழிப்பது அந்த அலைகளால்தான். ஊசியால் உள்ளே வைத்தும் சில முட்டைகள் கருவாகாமல் போவதற்கு, இந்த விழிப்பு நடக்காதது ஒரு முக்கியக் காரணம். உங்கள் 11இல் கருவாகாத இரண்டும் அப்படி இருந்திருக்கலாம்.

விழித்த முட்டை இரண்டாவது போலார் பாடியை வெளியே தள்ளி, தன் குரோமோசோம் பங்கை 23 ஆக்கிக்கொள்ளும். மறுநாள் காலை, ஊசி போட்டு 16 முதல் 18 மணி நேரத்தில் பார்ப்போம். நடுவில் இரண்டு வட்டங்கள் பக்கத்தில் பக்கத்தில் தெரியும். ஒன்று அப்பாவின் பங்கு, ஒன்று அம்மாவின் பங்கு. இவைதான் பி.என்., தமிழில் முன்உட்கரு. நேரம் தவறினால் அவை கரைந்துவிடும், அப்புறம் எத்தனை இருந்தன என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால்தான் ஞாயிற்றுக்கிழமையானாலும் காலையில் ஒருவர் லேப்பில் இருப்போம்.

உங்கள் ஒரு முட்டையில் மூன்று வட்டங்கள் தெரிந்திருக்கின்றன. இரண்டு விந்தணு நுழைந்தது என்று பலர் நினைப்பார்கள். தட்டில் கலந்துவைக்கும் சாதாரண ஐ.வி.எஃப்.பில் பெரும்பாலும் அப்படித்தான். இக்ஸியில் நாங்கள் வைத்தது ஒன்றே ஒன்று. ஆகவே முட்டை தன் இரண்டாவது போலார் பாடியை வெளியே தள்ளாமல் உள்ளேயே வைத்துக்கொண்டிருக்கும். 46 இருக்க வேண்டிய இடத்தில் 69 குரோமோசோம். அது பிள்ளையாக வளராது, வைத்தால் கருச்சிதைவில்தான் முடியும். நீக்கியது சரி. ஆனால் இதை ஐந்து நிமிடம் உட்காரவைத்து உங்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும். துண்டுத்தாளில் எழுதிக் கொடுப்பது எனக்குக் கோபத்தைத்தான் வரவழைக்கிறது.

மாதவரம் ராஜா:
எனக்கு என்னமோ லேப் மேல் சந்தேகம்தான். நான் சொல்வது நேரடி ஆலோசனை: மூன்றையும் குரோமோசோம் டெஸ்டுக்கு அனுப்புங்கள், வைப்பதற்கு முன் கருப்பையில் ஸ்க்ராட்ச் செய்யச் சொல்லுங்கள், இரண்டு கருவாக வையுங்கள். இரட்டைப் பிள்ளை வந்தால் ஒரே செலவில் வேலை முடிந்தது. இவ்வளவு காசு கொட்டிவிட்டு ஒன்றுதான் வைப்பேன் என்றால் எப்படி?

நிலா அம்மா:
ராஜா சார், நான் இரட்டையரின் தாய். இரண்டு கரு வைத்தோம், இரண்டும் தங்கின. பிள்ளைகள் குறைமாதத்தில் பிறந்து பச்சிளங்குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தார்கள். இன்று நன்றாக இருக்கிறார்கள், கடவுள் புண்ணியம். ஆனால் "ஒரே செலவில் முடிந்தது" என்று மட்டும் சொல்லாதீர்கள். எனக்கு ரத்த அழுத்தம் ஏறி அந்தக் கடைசி வாரங்கள் எப்படிப் போயின என்று எனக்குத்தான் தெரியும். ஒன்று ஒன்றாக வைக்கலாம் என்று அன்று ஒருவர் அழுத்திச் சொல்லியிருந்தால் கேட்டிருப்பேன்.

கோவை கருவியல்:
நிலா அம்மா சொன்னதுதான் என் கருத்தும். 34 வயது, கையில் மூன்று கரு உறைநிலையில். ஒன்றொன்றாக வைப்பதே நல்லது. மூன்று வாய்ப்பு அப்படியே இருக்கிறது, ஒன்றும் வீணாகவில்லை.

ராஜா சொன்ன மற்றவற்றுக்கு வருகிறேன். ஸ்க்ராட்ச் என்பது கருப்பை உட்சுவரை லேசாகக் கீறிவிடுவது, அப்போது கரு நன்றாக ஒட்டும் என்று நம்பினார்கள். 1,300க்கும் மேற்பட்ட பெண்களை வைத்து நியூசிலாந்து ஆய்வாளர்கள் தலைமையில் நடந்த சோதனை 2019இல் வெளிவந்தது. கீறிய குழுவிலும் கீறாத குழுவிலும் குழந்தை பிறந்த விகிதம் அதே 26.1 விழுக்காடு. வலி மட்டும் மிச்சம்.

குரோமோசோம் டெஸ்ட், அதாவது பி.ஜி.டி.-ஏ, சிலருக்கு உதவும். வயது கூடியவர்கள், திரும்பத் திரும்பக் கருச்சிதைவு ஆனவர்கள் டாக்டரிடம் பேசிப் பார்க்கலாம். ஆனால் அது கருவை நல்லதாக்காது, இருப்பவற்றில் எது என்று வரிசைப்படுத்தும். அவ்வளவுதான். எடுக்கும் செல்கள் பின்னாளில் நஞ்சுக்கொடியாகப் போகும் வெளிப்பகுதியிலிருந்து வருபவை, உள்ளே இருக்கும் பிள்ளைப் பகுதியும் அப்படியே இருக்கும் என்பதற்கு முழு உறுதி கிடையாது. மூன்று கரு உள்ள ஒருவருக்கு முதல் சுற்றிலேயே இதைக் கட்டாயம் என்று விற்பது எனக்கு உடன்பாடில்லை.

இக்ஸிகூட அப்படித்தான். 1992இல் பிரஸ்ஸல்ஸில் பலெர்மோவும் கூட்டாளிகளும் கொண்டுவந்தது, விந்தணு குறைவான ஆண்களுக்கு அது உண்மையிலேயே வரம். உங்களுக்கு அவசியம். ஆனால் விந்தணு நன்றாக இருக்கும் தம்பதிகளுக்கும் எல்லோருக்கும் இக்ஸி என்று ஆகிவிட்டது. வியட்நாமில் 1,064 தம்பதிகளிடம் ஒப்பிட்டு 2021இல் வெளியிட்டார்கள். விந்தணு சரியாக உள்ளவர்களுக்கு இக்ஸியால் குறிப்பிடத்தக்க கூடுதல் பலன் இல்லை.

பில்லில் ஏறும் ஒவ்வொரு கூடுதல் ஐட்டத்துக்கும் "இதனால் குழந்தை பிறப்பு கூடியதாக ஆதாரம் இருக்கிறதா?" என்று கேளுங்கள். கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.

மாதவரம் ராஜா:
சரி மேடம், ஸ்க்ராட்ச் விஷயத்தில் நீங்கள் சொன்னதை ஏற்கிறேன். ஒரு கரு, இரண்டு கரு என்பதில் பணமில்லாதவர்களின் நிலைமையையும் பாருங்கள். ஒவ்வொரு முறை வைப்பதற்கும் தனியாகக் காசு கேட்கிறார்கள். கடன் வாங்கி வருபவர்கள் இரண்டு வைக்கச் சொல்வது பேராசையால் இல்லை.

கோவை கருவியல்:
அது உண்மை. மறுக்க மாட்டேன். இன்சூரன்ஸும் பெரும்பாலும் இதற்குக் கைகொடுப்பதில்லை. பணம் இல்லாமல் எடுக்கும் அந்த முடிவின் சுமை கடைசியில் தாயின் உடம்பில்தான் இறங்குகிறது. உறைகரு வைப்பதற்கான கட்டணத்தை முதலிலேயே பேக்கேஜில் சேர்க்கச் சொல்லிப் பேசிப் பார்க்கலாம், பல இடங்களில் ஒத்துக்கொள்கிறார்கள்.

பழைய பேப்பர்:
உறைய வைப்பது பற்றிப் பேச்சு வந்ததால் கொல்கத்தாவின் ஒரு மருத்துவரை இங்கே நினைவுபடுத்த வேண்டும்.

உலகின் முதல் ஐ.வி.எஃப். குழந்தை லூயிஸ் பிரவுன் 1978 ஜூலை 25 அன்று இங்கிலாந்தின் ஓல்டாமில் பிறந்தார். அதைச் சாதித்த எட்வர்ட்ஸ், ஸ்டெப்டோ பெயர் எல்லோருக்கும் தெரியும். ஆய்வகத்தில் அவர்களோடு உழைத்த ஜீன் பர்டி என்ற பெண்ணின் பெயரை நினைவுக் கல்வெட்டில் சேர்க்க எட்வர்ட்ஸ் கேட்டும் சேர்க்காமல் விட்டார்கள். எட்வர்ட்ஸுக்கு 2010இல் நோபல் கிடைத்தபோது மற்ற இருவரும் உயிரோடு இல்லை.

அதே 1978இல், அக்டோபர் 3 அன்று, கொல்கத்தாவில் துர்கா என்று அழைக்கப்பட்ட குழந்தை பிறந்தது. செய்தவர் டாக்டர் சுபாஷ் முகர்ஜி. அவர் செய்த விதம்தான் முக்கியம். எட்வர்ட்ஸ் குழு ஊசி மருந்து இல்லாமல் இயற்கைச் சுழற்சியில் வந்த ஒரு முட்டையை எடுத்தது. முகர்ஜி ஹார்மோன் ஊசி போட்டுப் பல முட்டைகளை வளர்த்தார், யோனி வழியாக எடுத்தார், கருவை உறைய வைத்து வேறொரு சுழற்சியில் வைத்தார். இன்று காவிரிக்கரை அம்மாவுக்கு நடந்துகொண்டிருப்பது ஏறத்தாழ அந்தப் பாதைதான்.

அவருக்குக் கிடைத்தது என்ன? மாநில அரசு அமைத்த குழு அவர் சொன்னதை நம்ப மறுத்தது. வெளிநாட்டுக்குப் போய்ப் பேசவும் விடவில்லை. 1981இல் கண் மருத்துவ நிறுவனத்துக்கு மாற்றினார்கள். அந்த ஜூன் மாதமே அவர் உயிரை மாய்த்துக்கொண்டார். 1986 ஆகஸ்டில் மும்பையில் இந்திரா ஹிந்துஜாவும் ஆனந்த் குமாரும் உருவாக்கிய குழந்தையே நாட்டின் முதலாவது என்று பதிவாயிற்று. பின்னர் அதே ஆனந்த் குமார் முகர்ஜியின் கையெழுத்துக் குறிப்புகளைப் படித்துப் பார்த்து, முந்தியவர் அவர்தான் என்று 1997இல் எழுதினார். தனக்கு வந்த பெருமையைத் தானே இன்னொருவர் கையில் கொடுத்த அந்த மனசு பெரியது.

தென்னிந்தியாவின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை 1990இல் சென்னையில், டாக்டர் கமலா செல்வராஜ் கைகளில்.

தென்காசித் தம்பி:
ஆண்கள் பக்கத்தைப் பற்றி யாரும் பேசவில்லை, நான் பேசுகிறேன். எங்கள் வீட்டில் எல்லா டெஸ்டும் முதலில் மனைவிக்குத்தான் நடந்தது. என்னை ஒரு கப்பில் சாம்பிள் கொடுக்கச் சொன்னது ரொம்பப் பிற்பாடுதான். கோளாறு என்னிடம்தான் இருந்தது. காவிரிக்கரை அக்கா வீட்டிலும் கணவரின் ரிப்போர்ட் இப்படி இருக்க, "உன் முட்டையில கோளாறா" என்று அக்காவிடம்தான் கேட்கிறார்கள் பாருங்கள். அந்த டெஸ்டில் வலி இல்லை, செலவும் குறைவு. தம்பதியாகப் போகும்போது முதல் நாளே அதைக் கொடுங்கள் அண்ணன்மாரே.

கோவை கருவியல்:
நன்றி தம்பி, இதை ஓர் ஆண் சொல்வதுதான் சேரும். உலக சுகாதார நிறுவனத்தின் 2021 கையேட்டில் கீழ் எல்லை மில்லிலிட்டருக்கு 1.6 கோடி விந்தணு. அதற்குக் கீழே இருந்தால் பிள்ளையே பிறக்காது என்று பொருள் இல்லை, மேலே இருந்தால் கட்டாயம் பிறக்கும் என்றும் இல்லை. ஒரு விந்தணு உருவாகி முடிய இரண்டரை மாதம் ஆகும். ஆகவே காய்ச்சல் வந்துபோன பிறகு எடுத்த ஒரே ரிப்போர்ட்டை வைத்து முடிவுகட்டாதீர்கள், இடைவெளி விட்டு மறுபடி பாருங்கள். புகையிலை, குட்காவை நிறுத்தினால் பலன் தெரியவும் அதே காலம் வேண்டும்.

சேலத்துக்காரி:
ஒரு சந்தேகம். எனக்கு ஏ.எம்.ஹெச். என்ற ஹார்மோன் அளவு ரொம்பக் குறைவு, டோனர் முட்டை பற்றிப் பேச்சு எடுக்கிறார்கள். சட்டம் என்ன சொல்கிறது? 2022இல் ஈரோட்டில் 16 வயதுப் பெண்ணின் ஆதாரில் வயதைத் திருத்தி முட்டை எடுத்த செய்தியைப் படித்ததிலிருந்து பயமாக இருக்கிறது.

பழைய பேப்பர்:
2021ஆம் ஆண்டின் செயற்கைக் கருத்தரிப்புச் சட்டப்படி முட்டை தருபவருக்கு 23 முதல் 35 வயது. வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் தரலாம், ஏழு முட்டைக்கு மேல் எடுக்கக் கூடாது. பதிவு செய்த வங்கி வழியாகத்தான் வர வேண்டும். ஆணா பெண்ணா என்று தேர்ந்தெடுத்துத் தருகிறோம் என்று யாராவது சொன்னால் அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள், அது குற்றம். மருத்துவமனையின் பதிவுச் சான்றிதழையும் காட்டச் சொல்லிக் கேளுங்கள்.

கோவை கருவியல்:
கூடவே, ஏ.எம்.ஹெச். சொல்வது கையிருப்பு எவ்வளவு என்பதை. முட்டையின் தரத்தை அது சொல்லாது, தரம் பெரும்பாலும் வயதைப் பொறுத்தது. ஒரு பெண்ணின் முட்டைகள் எல்லாம் அவள் தாயின் வயிற்றில் இருக்கும்போதே உருவாகி, செல்பிரிவின் பாதியில் நின்று காத்திருக்கின்றன. குரோமோசோம்களைப் பிடித்துவைத்திருக்கும் புரதக் கட்டு வருடங்கள் போகப் போகத் தளர்கிறது. 40 வயதில் கருச்சிதைவு கூடுவதற்கு முக்கியக் காரணம் இதுதான். உங்கள் வயது குறைவாக இருந்தால், அந்த எண்ணை மட்டும் பார்த்து டோனருக்குப் போகாதீர்கள், இன்னொரு டாக்டரிடமும் கருத்துக் கேளுங்கள்.

காவிரிக்கரை:
எல்லாவற்றையும் கணவரோடு உட்கார்ந்து படித்தேன். ஒரு கருதான் வைக்கச் சொல்லப் போகிறோம். கடைசியாக இரண்டு கேள்வி. உறைய வைத்த மூன்றுக்கும் 4ஏபி, 4பிபி, 3பிசி என்று எழுதியிருக்கிறது, அது என்ன? ஏன் உடனே வைக்காமல் அடுத்த மாதம் என்கிறார்கள்?

கோவை கருவியல்:
எண், கரு எவ்வளவு விரிந்திருக்கிறது என்பது. முதல் எழுத்து, பிள்ளையாக வளரும் உள்செல் திரள். இரண்டாவது எழுத்து, நஞ்சுக்கொடியாகப் போகும் வெளிச்செல்கள். ஏ நன்று, பி பரவாயில்லை, சி சுமார். முதலில் 4ஏபியைத்தான் எடுப்பார்கள். பிசி என்று எழுதிய கருக்களிலிருந்தும் ஆரோக்கியமான பிள்ளைகள் பிறக்கின்றன, அதைக் கழித்துவிடாதீர்கள்.

14 முட்டை வளர்ந்த உடம்பில் ஹார்மோன் அளவு உச்சத்தில் இருக்கும். அப்போது கர்ப்பமும் தங்கினால் சினைப்பை வீங்கி வயிற்றில் நீர் கோக்கும் அபாயம் கூடும். அதனால்தான் உறைய வைத்துவிட்டு உடம்பைத் தணிய விடுகிறார்கள். இப்போது வயிறு உப்பிக்கொண்டே போனாலோ, மூச்சு வாங்கினாலோ, சிறுநீர் குறைந்தாலோ காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

இன்றைய முறையில் உறைந்த கருக்களில் பத்தில் ஒன்பதுக்கு மேல் உருக்கியதும் பிழைத்துவிடும். வைத்த பிறகு படுத்தே இருக்கத் தேவையில்லை, அதனால் பலன் கூடுவதில்லை என்று ஆய்வுகள் காட்டிவிட்டன. நடமாடலாம், வேலைக்குப் போகலாம். வீட்டில் முன்கூட்டியே கார்டில் கர்ப்ப டெஸ்ட் பார்க்காதீர்கள். கர்ப்ப ஹார்மோனான ஹெச்.சி.ஜி.யை ஊசியாகப் போட்டிருந்தால் பொய்யாக இரண்டு கோடு காட்டும். டாக்டர் சொன்ன நாளில் ரத்தத்தில் பீட்டா, அதாவது அந்த ஹெச்.சி.ஜி. அளவு, பாருங்கள். அப்புறம், கருக்களைச் சேமிக்க நீங்கள் கையெழுத்திட்ட ஒப்புதல் படிவத்தின் நகலையும், அந்தத் துண்டுத்தாளுக்குப் பதிலாக முறையான லேப் ரிப்போர்ட்டையும் கேட்டு வாங்கி ஃபைலில் வையுங்கள். சட்டப்படி பத்து வருடம் வரை சேமிக்கலாம், வருடக் கட்டணம் எவ்வளவு என்பதையும் இப்போதே எழுத்தில் வாங்கிவிடுங்கள்.